கை எட்டாத இடத்தில் கசியும் கூலண்ட்

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பிளந்து வெந்நீர் கொட்டினால், அதைக் கண்டுபிடிக்க யாருடைய அனுபவமும் தேவையில்லை. பானட்டைத் திறந்தவுடன் கண்ணில் படும், ஒரு கிளாம்பும் ஒரு ஹோஸும் வாங்கினால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நான் எழுத நினைப்பது அந்தக் கசிவைப் பற்றி அல்ல. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலும், டைமிங் கவருக்குப் பின்னாலும், எஞ்சினுக்கும், பயணிகள் பகுதியைப் பிரிக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே விரல் நுழையாத சந்திலும் மெல்லக் கசிந்து, தரையில் ஒரு சொட்டுகூட விழாமல், வாரத்துக்கு ஒரு டம்ளர் அளவில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைக் குடித்துக்கொண்டிருக்கும் கசிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வகையில் பழுதான பொருளின் விலை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதை அடைவதற்கு எத்தனை பொருள்களைக் கழற்ற வேண்டும் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. ஆகவே கசிவின் இடத்தை ஐயமின்றி உறுதி செய்யும் முன் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது என்றும், திறந்த பிறகு அந்த வழியில் மட்டுமே அடையக்கூடிய எல்லாவற்றையும் அப்போதே புதுப்பித்துவிட வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், உம்லதுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. உறவினர்களின் வண்டிகளும் அக்கம்பக்கத்தாரின் வண்டிகளும் எங்கள் முற்றத்துக்கு வருவது நீண்ட நாள் வழக்கம். இங்கே வண்டியை அடிக்கடி மாற்றும் வசதி எல்லோருக்கும் இல்லை. 1984 முதல் 2009 வரை ஈஸ்டர்ன் கேப் தொழிற்சாலையில் உருவான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வண்டிகள் இன்னும் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன, தந்தை ஓட்டியதை மகள் ஓட்டுகிறாள். வயதான வண்டியில் இரும்பைவிட முதலில் களைப்படைவது பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். அவை எங்கே ஒளிந்திருக்கின்றனவோ அங்கேதான் கசிவும் ஒளிந்திருக்கிறது.

கூலண்ட் வெறும் நீர்போல ஓடுவதில்லை, அழுத்தத்தின் கீழ் ஓடுகிறது என்பதை மனத்தில் கொள்ளாமல் இந்தப் பழுதைப் புரிந்துகொள்ள முடியாது. பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கலவை, கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய அமைப்பில் ஒரு பார் (ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்) அளவு கூடுதல் அழுத்தம் ஏறினால் கொதிநிலை 129 டிகிரி வரை உயர்ந்துவிடும். எஞ்சின் 90 முதல் 105 டிகிரிக்குள் நிம்மதியாக வேலை செய்வது இந்த இடைவெளியின் தயவால்தான். சிறு கசிவு முதலில் கெடுப்பது நீரின் அளவை அல்ல, இந்த அழுத்தத்தைத்தான். டர்பனில் இருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் இது கண்கூடாகத் தெரியும். கடற்கரையில் புறப்பட்ட வண்டி கீ ரிட்ஜ் ஏற்றத்தையும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தையும், பிறகு வான் ரீனன் கணவாயையும் ஏறி, சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தை அடைகிறது. அங்கே வெறும் நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் மிகக் கடினமாக உழைக்கும் ஏற்றத்தில், வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துகொண்டே போக, கூலண்ட் ஊற்றும் வாயின் மூடியோ இணைப்போ அழுத்தத்தைப் பிடிக்காத வண்டி கொதித்து நிற்பதில் வியப்பில்லை. ஊருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் ஓடும்போது எந்தக் குறையும் காட்டாத வண்டி, டிசம்பர் விடுமுறைப் பயணத்தில் மட்டும் ‘திடீரென்று’ சூடேறுவதாகச் சொல்வார்கள். அந்தக் கசிவு மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும்.

மறைந்த கசிவு தரையைத் தொடாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சூடான உலோகத்தின் மீது விழும் சொட்டு அங்கேயே ஆவியாகிவிடுகிறது. ஆவியாகாமல் தப்புவது எஞ்சினுக்குக் கீழே பொருத்தியிருக்கும் அடித்தட்டில் தேங்கிவிடுகிறது. ஆனால் நீர் ஆவியானாலும் அதில் கரைந்திருந்த சேர்மானங்கள் ஆவியாவதில்லை. வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ ஒரு படிவம் அது வழிந்த பாதை முழுவதும் காய்ந்து கிடக்கும். அந்தப் படிவத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும், ஏனென்றால் அதுதான் இருக்கும் ஒரே சாட்சி. கசிவின் மூலம் எப்போதும் படிவத்தின் மேல் முனையில்தான் இருக்கும். ஓடும் வண்டியில் காற்று பின்னோக்கித் தள்ளுவதால் கோடு சாய்ந்திருக்கலாம், ஆனால் மேல்முனை பொய் சொல்லாது. கண்ணாடியும் சிறு விளக்கும் எட்டாத இடத்துக்கு இப்போது கைப்பேசியில் இணைக்கும் குழாய்க் கேமரா மலிவாகக் கிடைக்கிறது. மேனிஃபோல்டின் அடியில் அதை நுழைத்துப் பார்த்து, படங்களை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

படிவம் போதிய தடயம் தராதபோது அழுத்தச் சோதனைக்குப் போக வேண்டும். மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பும் அளவுமானியும் பொருத்திய ஒரு கருவியை இணைத்து, மூடியின் மேல் எழுதியிருக்கும் அளவுவரை, அதாவது பெரும்பாலான வண்டிகளில் 1 முதல் 1.5 பார் வரை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் ஏற்றுகிறோம். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல இணைப்பும் கெட்டுப்போகும். அளவுமானியின் முள் அசையாமல் நின்றால் அது முதல் தகவல் மட்டுமே, தீர்ப்பு அல்ல. குளிரில் சுருங்கும்போது மட்டும் கசியும் பிளாஸ்டிக் இணைப்புகளும் உண்டு, சூட்டில் விரியும்போது மட்டும் கசியும் விரிசல்களும் உண்டு. அதனால் இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் ஒரு முறையும், எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் ஒரு முறையும் சோதிப்பது அவசியம். சூடான அமைப்பின் மூடியைத் திறப்பது முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும் என்பதால், சூட்டுச் சோதனைக்குக் கருவியைக் குளிரிலேயே பொருத்திவிட்டு எஞ்சினை இயக்கி, அழுத்தம் அளவு மீறாமல் கண்காணிப்பதே பாதுகாப்பானது. மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். மறைந்த கசிவு என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு, அழுத்தத்தைப் பிடிக்காத மூடியைத் தவிர வேறு எந்தக் குறையும் இருப்பதில்லை.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் நீர் உள்ளே போகிறது. அது காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோராக இருக்கலாம். முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குடன் படியும் மூட்டமும், காருக்குள் வரும் இனிப்பு வாசனையும், முன் இருக்கைப் பக்கத்துக் கம்பளத்தின் ஈரமும் அதைக் காட்டிக்கொடுக்கும். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய வண்டிகளில் இது மிகச் சலிப்பான வேலை. அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். சூட்டில் விரியும் கூலண்டுக்கு இடம் தரும் விரிவுக் குப்பியின் வாயிலிருந்து வரும் காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்தால், சிலிண்டருக்குள் எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் திரவம் மஞ்சளாக மாறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கையில் ஒரு சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் கரியில்லாமல் கழுவியது போல் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் நீராவி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைகளைச் செய்யாமலேயே வாட்டர் பம்பை மாற்றிவிட்டு, அதன் பிறகும் நீர் குறைகிறது என்று திரும்பி வருபவர்கள் பலர்.

கூலண்ட் இழப்பைச் சிறிய விஷயமாக எண்ணுபவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பொதுவான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் 1.6 லிட்டர் குகா வண்டிகள் 4,556ஐத் திரும்ப அழைத்தது. கூலண்ட் சரியாகச் சுழலாததால் எஞ்சின் அதிகமாகச் சூடேறி, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்து, அதன் வழியாக எண்ணெய் கசிந்து, சூடான பாகங்களின் மீது பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பதே அப்போது அறிவிக்கப்பட்ட காரணம். நீர்க்குறையில் தொடங்கி நெருப்பில் முடியும் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்த வண்டிக்கும் பொருந்தக்கூடியதுதான்.

என் பெரியம்மா மகனிடம் ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ ஒன்று இருக்கிறது. அண்ணன் அதைப் பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்வார். எச்சரிக்கை விளக்கு எரிவதும், நீர் ஊற்றியதும் அணைவதும், சில வாரம் கழித்து மீண்டும் எரிவதுமாக இருந்தபோது, ஒரு பணிமனையில் ரேடியேட்டரை மாற்றியிருந்தார்கள். விளக்கு மறுபடி எரிந்தது. “தம்பி, இதற்கு மேல் யாரிடமும் கொடுக்க எனக்குத் தெம்பில்லை, நீயே பார்” என்று சாவியைக் கொடுத்தார். அடித்தட்டை இறக்கியபோது அதன் உள்பக்கத்தில் இளஞ்சிவப்புப் படிவம் அடைசலாக இருந்தது. அதன் பாதையைக் கேமராவில் மேலே பின்தொடர்ந்தால், கியர்பாக்ஸின் மேற்பக்கத்தையும் எஞ்சின் பிளாக்கின் ஓரத்தையும் தொட்டு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் போய் முடிந்தது. அழுத்தம் ஏற்றிச் சற்றுக் காத்திருந்ததும் அந்தக் கூட்டின் இணைப்பில் ஒரு துளி திரண்டு நின்றதைத் திரையில் அண்ணனுக்குக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் ஸ்பேனரைத் தொட்டோம்.

அண்ணனின் வண்டியில் இருக்கும் 2.0 டிஎஸ்ஐ வகை எஞ்சினில், வாட்டர் பம்பும், சூட்டுக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூடாகச் சேர்ந்து வருகின்றன. வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் வளைந்து, சமதளமாக இருக்க வேண்டிய முகம் சமமாக இல்லாமல் போய்விடும். பம்பை இயக்குவது சாதாரண வெளிப்பட்டை அல்ல, எஞ்சினின் அதிர்வைக் குறைக்கச் சுழலும் சமநிலைத் தண்டிலிருந்து ஓடும் ஒரு சிறிய பற்பட்டை. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு இடப்பக்க மரை என்பதை அறியாமல் வழக்கம்போல் திருப்பினால் அது கழல்வதற்குப் பதிலாக இறுகிவிடும். மேனிஃபோல்டை எடுப்பதற்கு முன் உயர் அழுத்த எரிபொருள் பாதையின் அழுத்தத்தைக் கட்டாயம் இறக்கிவிட வேண்டும். மேனிஃபோல்ட் வெளியே வரும்போது எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் பல சமயம் கூடவே இழுபட்டு வந்துவிடும். அவற்றின் சீல்களைப் பழையபடியே திருப்பிப் போடுவது அடுத்த பழுதை நாமே கட்டி வைப்பதற்குச் சமம்.

திறந்த பிறகு எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. கூட்டின் ஒரு பகுதி மட்டும் கசிந்தாலும் முழுக் கூட்டையும், பற்பட்டையையும், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும், இன்ஜெக்டர் சீல்களையும், அந்த வழியில் இருக்கும் சிறு ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றினோம். எரிபொருள் இன்டேக் வால்வுகளைக் கழுவாமல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் நேரடி ஊசிப் பாய்ச்சல் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வுகளின் முதுகில் கரி மண்டியிருந்தது. அதையும் சுத்தம் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. செலவு கூடியது உண்மை. ஆனால் அந்தப் பாகங்களில் எதற்காகவும் பிறகொரு நாள் இதே மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்தால், ஒரே நாள் உழைப்புக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அண்ணனுக்கு இதை நான் நீளமாக விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்பு மாற்றப்பட்ட ரேடியேட்டரின் ரசீது அவரிடம் இருந்தது.

கழற்றுவதைவிடத் திருப்பிப் பூட்டுவதில்தான் பொறுமை அதிகம் தேவை. ரப்பர் வளையங்களைப் பொருத்துமுன் அவற்றில் கூலண்டையே தடவ வேண்டும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால், இந்த வளையங்களின் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்டுகளுக்குப் பத்து நியூட்டன் மீட்டருக்கும் குறைவான இறுக்கமே தேவை, அதைக் கைப்பழக்கத்தால் அறிய முடியாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வேண்டும். தயாரிப்பாளர் ஸ்பிரிங் கிளாம்ப் போட்டிருந்த இடத்தில் திருகு கிளாம்ப் போடுவதை நான் ஏற்பதில்லை. பிளாஸ்டிக்கும் ஹோஸும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது ஸ்பிரிங் கிளாம்ப் கூடவே அசைந்து பிடித்துக்கொள்ளும், திருகு கிளாம்ப் இறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். கை நுழையாத சந்தில் ஸ்பிரிங் கிளாம்பைப் பிடிக்க நீண்ட கம்பிவடத்துடன் கூடிய பிளையர் ஒன்று இருக்கிறது. இந்த வேலையை அடிக்கடி செய்பவர்கள் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான்.

வேறு எஞ்சின்களிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. டர்பன் இளைஞர்கள் உயிராக நேசிக்கும் கோல்ஃப் விஆர்6 எஞ்சினில், தெர்மோஸ்டாட் கூட்டையும் வாட்டர் பம்பையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய் வயதானதும் விரிசல் விடும். அதற்கு அலுமினியத்தில் செய்த மாற்றுக் குழாய் கிடைக்கிறது, இதில் தயங்கவே வேண்டாம் என்பேன். பிஎம்டபிள்யூவின் என்62 வகை வி8 எஞ்சினில், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையேயான பள்ளத்தில் ஓடும் கூலண்ட் குழாயின் ரப்பர் முனை கெட்டுப்போகும். முறைப்படி அதை மாற்ற எஞ்சினின் முன்பகுதியில் பெரும்பாலானவற்றைக் கழற்ற வேண்டும். பழைய குழாயை உள்ளேயே வெட்டி எடுத்துவிட்டு, நீளம் குறுக்கி நுழைத்து அங்கே நீட்டிப் பொருத்தும் ஒரு மாற்றுக் குழாயைச் சிலர் உருவாக்கிய பிறகு, அந்த வேலை பல மடங்கு சுருங்கியது. எட்டாத இடத்தை எட்டும் வழியை மாற்றி யோசித்தவர்களின் திறமைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சிட்டி கோல்ஃபில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு வாய் கசிந்தால், அது கைக்கு எட்டும், மலிவானது, அவ்வளவுதான்.

இத்தனை உழைப்பையும் தவிர்க்க ஒரு குப்பி கசிவடைப்புத் திரவம் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரேடியேட்டருக்குள் மிளகுத்தூளையும் முட்டை வெள்ளைக்கருவையும் போட்டு ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழியில் நின்றவர்களுக்கு அது கைகொடுத்திருக்கலாம். ஆனால் விரிசலை அடைக்கும் பொருளுக்கு, எது விரிசல், எது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கசிவு எங்கே என்று தெரியாத நிலையில் ஊற்றப்படும் குப்பி, கசியாத இடங்களையும் சேர்த்து அடைக்கிறது. வெளியே தெரியும் உலோகக் குழாயில் சிறு துளை என்றால், 1960களில் க்ரூகர்ஸ்டோர்ப் ஊரில் உருவாகி இன்று நாடெங்கும் கிடைக்கும் பிராட்லி பட்டி (Pratley Putty) என்ற ஒட்டுப்பசையைப் பிசைந்து அப்பி, மெல்ல ஓட்டி வீடு சேரலாம். அதற்கும் மேற்பரப்பு உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அழுத்தம் ஏறும் இணைப்பின் வெளிப்புறத்தில் சிலிகான் பூசுவதால் பயனில்லை, உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் அதை உரித்து எறிந்துவிடும்.

நீரை மீண்டும் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிட்டால், செய்த வேலை நன்றாக இருந்தாலும் எஞ்சின் சூடேறும். வெற்றிடமாக்கி நிரப்பும் கருவி இருந்தால் சிறப்பு. இல்லாதவர்களுக்குச் சாட்ஸ்வொர்த்தின் செங்குத்தான வீட்டு வழிகளே உதவும். வண்டியின் முன்பக்கம் மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து நிதானமாக ஊற்றினால் குமிழி மேலேறி வந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்புகள் அலுமினியத்தை அரிக்கும், காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்குவதும் தவறு. ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கப்படுகின்றன, கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பூட்டி முடித்ததும் மறுபடியும் அழுத்தம் ஏற்றி, இரவு முழுவதும் விட்டு, காலையில் அளவுமானியைப் பார்ப்பது என் வழக்கம். அண்ணனின் வண்டியை அதன் பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரையும், அங்கிருந்து டவுன் ஹில் ஏறி ஹில்ட்டன் வரையும் ஓட்டிப் பார்த்தோம். அடித்தட்டைப் பூட்டாமலேயே ஓட்டியதால், திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் கீழே படுத்து நேராகப் பார்க்க முடிந்தது. பிளாக்கின் ஓரம் காய்ந்தே இருந்தது, நீர்மட்டத்தைக் குறிக்கக் குப்பியில் ஒட்டிய நாடாவின் விளிம்பிலேயே நீர்மட்டம் நின்றது. அதன் பிறகே அடித்தட்டு மேலேறியது.

வடித்தெடுத்த பழைய கூலண்டை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதிலும் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு; நாயும் குழந்தையும் தெரியாமல் வாய் வைத்துவிடும். தெருவோர மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது நம் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைத்திருந்து, பழைய ஆயிலையும் கூலண்டையும் பெற்றுக்கொள்ளும் இடம் எதுவென்று விசாரித்துக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கேனை அண்ணனே எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.